நோட்டரி சான்றளித்த ‘லிவிங் வில்’ 108 ஆம்புலன்ஸில் செல்லுமா?

வைகைக்கரை:
என் தந்தைக்கு வயது 82. நுரையீரல் நோய் முற்றியிருக்கிறது. வென்டிலேட்டரும் வேண்டாம், நெஞ்சை அழுத்தி உயிர்ப்பிக்கும் முயற்சியும் வேண்டாம் என்று தெளிவாகச் சொல்கிறார். இதை ‘லிவிங் வில்’ ஆக எழுதி நோட்டரியிடம் சான்று பெற்றால் போதுமா? நள்ளிரவில் மூச்சுத் திணறி, பதற்றத்தில் யாராவது 108-ஐ அழைத்துவிட்டால், வருகிறவர்கள் அந்தத் தாளை மதிப்பார்களா?

சட்டத்துணை:
லிவிங் வில் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9 அன்று தீர்ப்பளித்தது. நீதித்துறை நடுவரின் மேலொப்பம் வேண்டும் என்றிருந்த நிபந்தனை பலரை மலைக்க வைத்ததால், 2023 ஜனவரியில் அதைத் தளர்த்தி, இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டு, நோட்டரியோ அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரியோ சான்றளித்தால் போதும் என்று மாற்றினார்கள். உங்கள் தந்தை பேச முடியாத நிலையில் முடிவெடுக்க வேண்டிய உறவினர்களின் பெயர்களும் அதில் இருக்க வேண்டும். குடும்ப மருத்துவரிடமும் உள்ளாட்சி அலுவலகத்திலும் ஒரு படி கொடுத்துவிடுங்கள்.

இரவுப்பணிச் செவிலியர்:
ஆவணம் செல்லும் என்பது சரி; ஆனால் கேள்வி ஆம்புலன்ஸைப் பற்றியது. மருத்துவமனையிலேயே மூன்று மருத்துவர் கொண்ட குழு பார்த்து, அதன்பின் இரண்டாவது குழுவும் ஒப்புக்கொண்ட பிறகுதான் அந்தத் தாள் நடைமுறைக்கு வரும். ஒவ்வொரு குழுவுக்கும் 48 மணி நேரம் வரை ஆகலாம். வாசலில் வந்து நிற்கும் ஆம்புலன்ஸ் பணியாளரால் இதையெல்லாம் தீர்மானிக்க முடியாது என்பதால், அவர் உயிர்காக்கும் முயற்சியைத் தொடங்கவே செய்வார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் மருத்துவரே கையெழுத்திட்ட ஆணையை இளஞ்சிவப்புத் தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவைக்கிறார்கள். ஆம்புலன்ஸ்காரர்கள் அதன்படி நடக்கிறார்கள். நம்மிடம் நாடு தழுவிய அத்தகைய ஏற்பாடு இல்லை.

ஆகவே அந்த இரவுக்கு இப்போதே ஆயத்தமாகுங்கள். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டிற்கே வந்து நோய் ஆதரவு சிகிச்சை (வலியையும் அவதியையும் தணிக்கும் சிகிச்சை) தருகிறார்கள். உங்கள் பகுதிச் செவிலியரிடம் பதிந்துகொள்ளுங்கள். மூச்சுத்திணறலுக்கு மருத்துவர் எழுதித்தரும் குறைந்த அளவு மார்ஃபின், முகத்துக்கு நேரே ஒரு சிறு மின்விசிறி, இரண்டுமே உதவக்கூடும். வீட்டில் இறப்பு நேர்ந்தால் சான்றளிக்க வருவாரா என்று மருத்துவரிடம் முன்பே கேட்டுவிடுங்கள். பல வீடுகளில் கடைசி நேரத்தில் 108-ஐ அழைப்பது அந்தக் கவலையால்தான்.

பழைய அனுபவம்:
என் அம்மாவின் தாள் வீட்டுப் பத்திரத்தோடு பீரோவில் இருந்தது. சாவியோ ஊருக்குப் போயிருந்த தங்கையிடம். தாள் கிடைப்பதற்குள் மூச்சுக்குழாயில் டியூப் செருகிவிட்டார்கள். பிறகு தாளைக் காட்டியபோது, அதுவரை எதுவும் அறியாத அண்ணன், “அம்மா இப்படியெல்லாம் எழுதியிருக்கவே மாட்டார்கள்” என்று சண்டைக்கு வந்துவிட்டார். பிள்ளைகள் எல்லாரையும் உட்காரவைத்து உங்கள் தந்தையே படித்துக் காட்டட்டும்.

வைகைக்கரை:
மிக்க நன்றி. பிறகு அப்பா மனம் மாறினால்?

சட்டத்துணை:
எப்போது வேண்டுமானாலும் எழுத்து மூலம் திரும்பப் பெறலாம், மாற்றியும் எழுதலாம். பழைய படிகளை மட்டும் கொடுத்த இடங்களிலிருந்து வாங்கிவிடுங்கள்.