லேட்டரலஸ்: தாளக் கணக்கும் உறைப்படமும்

தெப்பக்குளத்தான்:
அமெரிக்க ராக் இசைக்குழுவான டூல் 2001-இல் வெளியிட்ட ‘லேட்டரலஸ்’ தொகுப்பைக் கைப்பேசியில் கேட்டு வருகிறேன். தலைப்புப் பாடலின் பல்லவிக்கு எட்டு எட்டாகத் தட்டிக்கொண்டு போனால் முதல் சுற்றிலேயே கை ஒரு தட்டு முந்திவிடுகிறது. ஆனால் சிறிது நேரத்தில், நான் எதையும் மாற்றாமலே, பாட்டும் கையும் ஓரிடத்தில் வந்து சேர்ந்துகொள்கின்றன. தாளம் அறிந்தவர்கள் விளக்க வேண்டும். இன்னொன்று: இதன் பழைய குறுந்தகடு ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. உறைப்படத்துக்காகவே அதை வாங்கலாம் என்கிறார் நண்பர். கைப்பேசியில் நகத்தளவே தெரியும் அந்தப் படத்தில் அப்படி என்ன இருக்கிறது?

பசுமலை மிருதங்கம்:
தம்பி, அந்தப் பல்லவி ஒன்பது, எட்டு, ஏழு என்று மூன்று அளவுகளில் சுற்றி வருகிறது. கூட்டினால் 24, உங்கள் எட்டு மூன்று முறை வந்தாலும் அதே 24. அதனால்தான் மூன்றாவது சுற்றின் முடிவில் சமத்தில், அதாவது தாளம் தொடங்கும் இடத்தில், வந்து விழுகிறீர்கள். இப்படிப் படிப்படியாகக் குறைந்து வருவதைக் கோபுச்ச யதி என்போம்; கோர்வை (முத்தாய்ப்பாக வாசிக்கும் தாளக் கோப்பு) வைத்துப் பழகியவர்களுக்கு இது அன்றாடக் கணக்கு. அதைவிட எனக்கு வியப்பளித்தவை தொடக்க வரிகள். அவற்றின் அசைகளை எண்ணினால் 1, 1, 2, 3, 5, 8 என்று ஏறி, பிறகு 5, 3 என்று இறங்குகின்றன. எண்கள், முந்தைய இரண்டைக் கூட்டினால் அடுத்தது வரும் ஃபிபனாச்சி வரிசை. ஏறி இறங்கும் வடிவமோ அப்படியே மிருதங்க யதி. டிரம்மர் டேனி கேரி, அலோக் தத்தாவிடம் தபலா பயின்றவர். அதற்காக இதை நம் இசை என்று உரிமை கொண்டாடிவிட வேண்டாம். இருபத்து நான்கைப் பங்கிடும் வழி எந்த ஊர்க்காரருக்கும் பிடிபடக்கூடியதுதான்.

சிவகாசி அச்சுக்காரன்:
உறைக்கு நான் பதில் சொல்கிறேன். ஓவியர் அலெக்ஸ் கிரேயின் அந்த மனித உடல் ஒரே படம் அன்று. ஒளி ஊடுருவும் தாள்களில் உடலின் அடுக்குகள் தனித்தனியே அச்சிடப்பட்டிருக்கின்றன, புரட்டப் புரட்ட உள்ளே போகிறோம். பிளாஸ்டிக் தாள் காகிதத்தைப் போல மையை உறிஞ்சாது என்பதால், இத்தகைய வேலைக்குப் புற ஊதா ஒளியில் உலரும் மை வேண்டும். அடியில் வெள்ளை மை கொடுக்காவிட்டால் பின்னால் இருப்பது நிறத்தின் வழியே தெரியும்; பொட்டலத் தாளில் அது குறை, இங்கே அதுதான் தேவை. ரெஜிஸ்டர், அதாவது அச்சுகள் ஒன்றோடொன்று பொருந்தும் இடம், மயிரிழை பிசகினாலும் ஒரு தாளின் தோளும் அடுத்த தாளின் தோளும் பொருந்தாமல் போய்விடும். ஒன்றன்மேல் ஒன்றாக வேறு வேறு அளவுகள் ஓடி ஓரிடத்தில் கூடும் அந்தப் பல்லவிக்கு இதைவிடப் பொருத்தமான உறை எனக்குத் தோன்றவில்லை.

மாசி வீதி:
எனக்கு இதில் முழு உடன்பாடில்லை. இதே குழு 2006-இல் வெளியிட்ட ‘10,000 டேஸ்’ உறையில் படங்களை முப்பரிமாணத்தில் பார்க்கக் கண்ணாடி வில்லைகளையே பொருத்தினார்கள். அந்த உறைக்குக் கிராமி விருதும் கிடைத்தது. 2019-இல் ‘ஃபியர் இனோக்குலம்’ உறைக்குள் சிறு திரையையே வைத்து, மின்னூட்டும் செய்யச் சொன்னார்கள். பாட்டு நிற்க வேண்டியது காதில். இவை வெறும் வேடிக்கை.

சிவகாசி அச்சுக்காரன்:
திரையைப் பற்றிச் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன், ஐயா. வில்லைகளை அப்படித் தள்ள மாட்டேன். உறைக் கலையைக் கவனித்துக்கொள்பவர் அக்குழுவின் கிதார் கலைஞர் ஆடம் ஜோன்ஸ், திரைப்படங்களுக்குச் சிறப்பு ஒப்பனை செய்து வந்தவர்; கண்ணுக்கு விருந்து வைப்பதும் அவருக்குத் தொழில்தான். கேள்வி கேட்ட நண்பர் பணம் கொடுக்கும் முன், தாள்கள் எல்லாம் இருக்கின்றனவா, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் பிரிகின்றனவா என்று புரட்டிப் பார்த்து வாங்கவும்.