லயத்து வீடு குழு: ஆர்மோனியம் யாரிடம்?

சின்ன அண்ணி: வெள்ளிக்கிழமை பாட்டு வகுப்பு இனி இல்லையாம். டீச்சர் பினாங்குக்கு மகள் வீட்டோடு போகிறார்.

டிராக்டர் மாமா: யார் சொன்னது

சின்ன அண்ணி: டீச்சரே. திருமுறை ஓதும் விழாவுக்குப் பிள்ளைகள் பெயர் கொடுத்தாயிற்று.

கிளாங் அத்தை: அடடா. எத்தனை பேர் வருகிறார்கள்?

சின்ன அண்ணி: மூன்று. அதில் இரண்டு என்னுடையவை.

பெரியப்பா: அடிப்படை வேண்டும். முதல் பாடமான சரளி வரிசையை மாயாமாளவகௌளை ராகத்தில் தொடங்குவது ஏன் தெரியுமா? புரந்தரதாசர் வகுத்த முறை அது. ஏறும்போதும் இறங்கும்போதும் ஏழு ஸ்வரம். ஸரிகம எந்த இடைவெளியில் போகிறதோ, பதநிஸ அதே இடைவெளியில் போகும். பாதி பிடிபட்டால் மீதி தானே வரும். இது தெரியாமல் பதிகம் பாடினால் மனப்பாடம்தான், பண் வராது. எங்கள் காலத்தில் பால்மரம் சீவிவிட்டு வந்து

பெரியப்பா: தவறி அனுப்பிவிட்டேன், இன்னும் இருக்கிறது

டிராக்டர் மாமா: மச்சான் சாப்பிட்டீர்களா

குட்டி: மண்டபத்துக்குப் பின்னால் உறுமி மேளம் பழக 18 பேர் வருகிறார்கள். காசு இல்லை. அண்ணன்கள் சொல்லித் தருகிறார்கள்.

பெரியப்பா: அது சாவு மேளம்.

டிராக்டர் மாமா: தைப்பூசத்தில் காவடிக்கு முன்னால் போவது?

குட்டி: தாத்தா காரியத்துக்கும் அதுதான். 600 வெள்ளி நீங்கள்தான் கொடுத்தீர்கள்.

பெரியப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

கிளாங் அத்தை: கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் டெம்பல் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் இருக்கிறதே. 1981இல் ஆரம்பித்தது, நன்றாகச் சொல்லித் தருவார்கள்.

சின்ன அண்ணி: அத்தை, நாங்கள் பேராக்கில், சுங்கை சிப்புட்டில் இருக்கிறோம்.

கிளாங் அத்தை: சூம்?

சின்ன அண்ணி: கோவிட் எம்சிஓ ஊரடங்கில் பார்த்தோமே. இங்கே தட்டும் தாளம் அங்கே பிந்திக் கேட்கும். சேர்ந்து பாடவே முடியவில்லை. பெரிய மாமா, நீங்கள் கொஞ்ச நாள் பார்க்கலாமே?

பெரியப்பா: ஆர்மோனியம் வேண்டும். அது எங்கே இருக்கிறதென்று எல்லாருக்கும் தெரியும்.

கிளாங் அத்தை: அப்பா எனக்குக் கொடுத்தது.

டிராக்டர் மாமா: ஆரம்பித்துவிட்டார்கள்

குட்டி: போனில் சுருதிப் பெட்டி ஆப் இருக்கிறது பெரியப்பா.

பெரியப்பா: சுருதி ஐந்து கட்டை வைக்கலாமா?

குட்டி: எந்தக் கட்டையும்.

டிராக்டர் மாமா: சனிக்கிழமை டுரியான் இறங்குகிறது. யாருக்கு எத்தனை கிலோ?

கிளாங் அத்தை: எனக்கு 5

சின்ன அண்ணி: அப்போ வெள்ளிக்கிழமை 7 மணிக்கு வகுப்பு உண்டா இல்லையா?

பெரியப்பா: கம்போங் டுரியானா?