தூரத்து மலைகள் சேறாகிவிடுகின்றன, யாராவது வழி சொல்லுங்கள்

வணக்கம். ஜெர்மன் ஓவியர் காஸ்பர் டேவிட் ஃப்ரீட்ரிக் 1810-11இல் வரைந்த 'ரீசன்கெபிர்கெ மலையில் காலை' ஓவியத்தை எண்ணெய் வண்ணத்தில் நகலெடுத்துப் பழகுகிறேன். அசல் பெர்லினில் இருக்கிறது, சுமார் 170 செ.மீ. அகலம். என்னுடையது இரண்டடிதான்.

முன்னால் இருக்கும் பாறைமுகடு ஓரளவு வந்துவிட்டது. உச்சியில் சிலுவை, அதன் கீழே வெள்ளை உடையில் ஒரு பெண் ஓர் ஆளைக் கைபிடித்து மேலே இழுக்கிறாள். நகத்தளவு உருவங்கள், அவற்றுக்கே ஒரு வாரம் போயிற்று! சிக்கல் பின்னால்தான். அலை அலையாக மலைகள், இடையிடையே மூடுபனி, கடைசி வரிசை எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது. ஃப்ரீட்ரிக் மெல்லிய பூச்சுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றியவர். வெளியே பென்சிலில் குறிப்பெடுத்து, வீட்டில் பொறுமையாகத் தீட்டுவார். எனக்கோ மூன்றாவது பூச்சிலேயே நீலமும் பழுப்பும் கலந்து சாம்பல் சேறாகிவிடுகிறது. இரண்டு முறை துடைத்தெடுத்துவிட்டேன்.

ஒவ்வொரு பூச்சுக்கும் நடுவே எத்தனை நாள் விடுகிறீர்கள்? இப்போது இரண்டு நாள்தான் விடுகிறேன், தொட்டால் லேசாக ஒட்டுகிறது. அப்புறம், தூரத்து மலைக்கு வெள்ளை கலந்து வெளிறவைப்பதா, இல்லை ஆளி எண்ணெய் சேர்த்து நீர்க்கவைப்பதா? வெள்ளை சேர்த்தால் பனிக்குப் பதில் சுண்ணாம்பு அடித்த மாதிரி இருக்கிறது. எண்ணெய் வண்ணத்தில் கைப்பழக்கம் உள்ளவர்கள் சொல்லுங்கள். உங்கள் மலைப் படம் ஏதாவது இருந்தால் அதையும் போடுங்கள், கிட்டத்தில் எடுத்த படமாக இருந்தால் நல்லது.