சோளகம் (தென்மேற்குக் காற்று) வீசும்போது நெடுந்தீவு போன கதை (உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்)

2025 நல்லூர் முருகன் கோயில் திருவிழாவுக்குப் பிள்ளைகளோடு யாழ்ப்பாணம் போயிருந்தோம். ஜூலை 29 கொடியேற்றம், ஆகஸ்ட் 21 தேர். 25 நாளும் நிற்க லீவு ஏது, கடைசி 10 நாள்தான் கிடைத்தது. நல்லூரைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், அர்ச்சனைக்கு இன்னும் 1 ரூபாய்தான் என்றெல்லாம். பின்னேரம் வீதி மணலில் குந்தியிருந்து கச்சான் (நிலக்கடலை) கோது உடைப்பதற்கென்றே பாதிப் பேர் வருகிறார்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம். சரி, அதை விடுங்கள். நான் எழுத வந்தது இடையில் ஒரு நாள் நெடுந்தீவுக்குப் போனதை.

மாமி முதலே சொன்னார், "சோளகம் வீசுற நேரம் தம்பி, கடல் குழம்பிக் கிடக்கும்" என்று. கேட்டிருக்கலாம். விடிய வெளிக்கிட்டு பண்ணைப் பாலம், வேலணை, புங்குடுதீவு எல்லாம் கடந்து குறிகட்டுவான் இறங்குதுறை. நயினாதீவு என்றால் கொஞ்ச நேரக் கடல்தான், பயம் வருவதற்கு முன்னமே இறங்கிவிடலாம். நெடுந்தீவுக்கு ஒரு மணித்தியாலம் வேண்டும். கரையை விட்டுக் கொஞ்சத் தூரம் போனதும் அலை பக்கவாட்டில் அடிக்கத் தொடங்கியது, ஊர் ஆட்கள் ஒரு வார்த்தை பேசாமல் தறப்பாளை இழுத்துத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டார்கள், நாங்கள் மட்டும் "ஐயோ ஐயோ" என்று நனைந்தோம். மகனுக்கு முகம் வெளிறிவிட்டது.

பக்கத்தில் ஒரு வயதான அம்மா. நெடுந்தீவுக்காரர்தான், திருவிழாவுக்கு வந்து இரண்டு நாள் சொந்தக்காரர் வீட்டில் நின்றுவிட்டுத் திரும்புகிறார். மடியில் ஒரு பை, அதற்குள் தேங்காய்ப் பாதி, கச்சான் சரை, பேரனுக்கு வாங்கின சிவப்பு ஊதுகுழல். பையைத் துழாவி அர்ச்சனைத் தேசிக்காயை எடுத்து, பெருவிரல் நகத்தால் தோலை இரண்டு இடத்தில் கீறி மகனிடம் நீட்டினார். "மணந்துகொண்டு தூரத்துக் கரையைப் பார் ராசா, கீழே பாராதை." அவன் அப்படியே செய்தான். கொண்டுபோன மாத்திரை என் சட்டைப் பையில் நனைந்து கரைந்துகொண்டிருந்தது.

தீவில் ஓட்டோ பிடித்துச் சுற்றினோம். ஏறும்போது ஒரு கணக்கு, இறங்கும்போது இன்னொரு கணக்கு, அதனால் முன்கூட்டியே பேசிவிட்டு ஏறுங்கள். வளவுக்கு வளவு முருகைக்கல்லை (பவளப்பாறைக் கல்) அடுக்கிக் கட்டின மதில்கள், சாந்து ஒன்றும் இல்லை. பெருக்கமரத்துப் பொந்துக்குள் பிள்ளைகள் நுழைந்துவிட்டு வெளியே வர மறுத்தார்கள். தீவின் காட்டுக் குதிரைகளைப் பற்றி மட்டும் ஒரு சொல்: படங்களில் பார்க்கிற மாதிரிப் பிடரி பறக்க ஓடும் என்று மகள் காத்திருந்தாள். ஆகஸ்டில் நிலம் வெடித்துக் காய்ந்து கிடக்கிறது, அவை விலா எலும்பு தெரியத் தண்ணீர்த் தொட்டியடியில் தலையைத் தொங்கப் போட்டபடி நின்றன. எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பின்னேரம் துறையில் நிற்கும்போது பீப் பீப் என்று ஒரு சத்தம். பார்த்தால் அந்தச் சிவப்பு ஊதுகுழல், ஊதிக்கொண்டு ஒரு பொடியன். "அம்மம்மா தரச் சொன்னவ" என்று எண்ணெய் ஊறின பேப்பர்ச் சுருள் ஒன்றைக் கையில் திணித்துவிட்டு ஓடிவிட்டான். சுடச்சுடப் பனங்காய்ப் பணியாரம். அவருடைய பெயரைக்கூட நாங்கள் கேட்கவில்லை. திரும்பும்போது காற்று இன்னும் மோசம், ஒருவரும் பணியாரத்தைத் தொடவில்லை, இரவு வீட்டுக்கு வந்துதான் சாப்பிட்டோம்.

---

உங்கள் நெடுந்தீவுக் கதையை வாசித்தேன், என் பங்குக்கு ஒன்று. நாங்கள் பேசாலை, மன்னார்த் தீவு. ஆகஸ்ட் வந்தால் எங்களுக்கு மடு மாதா கோயில் திருவிழா. 6-ஆம் திகதி கொடி, 15-ஆம் திகதி பெருவிழா, தீவை விட்டுப் பெருநிலத்துக்குச் சட்டி பானையோடு போய்க் கூடாரம் அடித்து மரத்தடியில் சமைத்துச் சாப்பிட்டுத் தங்குவோம். ஒரு வருடம் பக்கத்துக் கூடாரத்தில் சிலாபத்தில் இருந்து வந்த சிங்களக் குடும்பம். அவர்களுக்குத் தமிழ் வராது, அம்மாவுக்குச் சிங்களம் வராது. அந்தப் பெண் வந்து கையை முன்னும் பின்னும் ஆட்டி ஏதோ காட்டுகிறார், அம்மா முதலில் விசிறி கொடுத்தார், பிறகு கத்தி, கடைசியில்தான் திருவலை (தேங்காய் துருவி) கேட்கிறார் என்று விளங்கியது. இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் அடுப்பில் இருந்த சோறு அடிப்பிடித்துவிட்டது. திருவலை திரும்பி வரும்போது அதோடு ஒரு கோப்பை சம்பலும் வந்தது. கருகின சோற்றுக்கு அதுதான் கறி.

---

கச்சான் என்றதும் எழுதாமல் இருக்க முடியவில்லை. என் சித்தப்பா நல்லூரில் பல வருடம் கச்சான் கடை போட்டவர், பள்ளிக்கூட லீவில் நான்தான் சுண்டு என்கிற அளவைப் பேணியால் அளந்து கொடுப்பேன். பெருவிரலைச் சுண்டுக்குள் விட்டு அளந்தேன் என்று சித்தப்பாவிடம் அடி வாங்கியிருக்கிறேன். நீங்கள் எல்லோரும் சாமி பார்க்கிற நேரம் எங்களுக்கு அரோகராச் சத்தம் மட்டும்தான் கேட்கும், தாச்சிக்குள் மணலும் கச்சானும் புரள்கிற சத்தத்துக்கு இடையில்.

ஒரு ஐயா தினமும் பின்னேரப் பூசை முடிய வருவார். ஒரேயொரு கச்சானை எடுத்து உடைத்து வாயில் போட்டு, கண்ணை மூடி மென்று, "ம்ஹும்" என்றுவிட்டுப் போய்விடுவார். ஒரு சுண்டுகூட வாங்கினதில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தீர்த்தம் முடிந்து கடையைப் பிரிக்கிற அன்றும் வந்தார். எடுத்து மென்றுவிட்டு, "மணல் பழசு தம்பி, வருகிற முறை மாற்று" என்றார்.

அடுத்த வருடம் சித்தப்பா புது மணல் கொண்டுவந்தார். ஐயா வந்தார், ஒன்றை எடுத்து மென்றார், பையை நீட்டி 2 சுண்டு கேட்டார். விலை குறைக்கச் சொல்லியும் கேட்டார்.