பழைய வோன்மொபில்: தண்ணி நிக்குதில்லை, ஹீற்றர் பத்துதில்லை, பிரிட்ஜ் குளிருதில்லை. எங்கயிருந்து தொடங்கிறது?

டோர்ட்முண்ட்வாசி

எல்லாருக்கும் வணக்கம். 2011 மொடல் வோன்மொபில் (உள்ளுக்குத் தங்கிச் சமைச்சுப் பயணம் போற வாகனம்) ஒண்டு பழசா வாங்கியிருக்கிறம். ஃபியட் டுகாட்டோ அடிச்சட்டம். உள்ளுக்கு ட்ரூமா கோம்பி 4 (அறையையும் தண்ணியையும் சூடாக்கிற ஹீற்றர், காஸில மட்டும் வேலை செய்யிறது), ஷௌட் ஈபிஎல் 99 மின்பெட்டி, மூண்டு வழி பிரிட்ஜ் (12 வோல்ட், 230 வோல்ட், காஸ்), தெட்ஃபோர்ட் கசெட் ரொய்லெட் (கழிவுப் பெட்டியை இழுத்தெடுத்து ஊத்திறது), 100 லீற்றர் தண்ணித் தாங்கி. கையேடு ஒண்டும் தரேல்லை. இப்ப வீட்டு வாசல்ல நிக்குது, கரண்ட் வயர் கொழுவேல்லை, வெளியில 4 பாகை.

தண்ணி விட்டுப் பம்மைப் போட்டால் அது நிக்காமல் ஓடுது, பைப்பில தண்ணி நூல் மாதிரித்தான் வருது. வாகனத்துக்குக் கீழ ஒரு குழாயால தண்ணி ஊத்துது. கட்டிலுக்குக் கீழ ஒரு பொத்தான் வெளியில தள்ளிக்கொண்டு நிக்குது, அமத்தினால் திரும்பவும் வெளியில வருது. ஹீற்றரைப் போட்டால் காத்தாடிச் சத்தம் கேக்குது, கொஞ்சத்தில சிவப்பு வெளிச்சம் வந்து நிண்டுபோகுது. பிரிட்ஜை 12 வோல்ட்டில விட்டு ஒரு இரவு முழுக்கப் பாத்தும் குளிரேல்லை. விடிய வந்து பாத்தால் லைட், பம் ஒண்டும் வேலை செய்யேல்லை.

எல்லாம் பழுதோ? அல்லது எனக்கு இயக்கத் தெரியேல்லையோ? எதை முதல் பாக்கிறது?

மின்வேலை

தம்பி, நீங்கள் சொன்ன நாலில ஒண்டுகூட இன்னும் பழுது எண்டு சொல்ல ஏலாது. இந்த வாகனங்களில ஒரு சாமான் வேலை செய்யாட்டில் காரணம் மற்றச் சாமானில கிடக்கும். அதால ஒழுங்கு முக்கியம்: முதல் 12 வோல்ட், பிறகு காஸ், பிறகு சூடு, கடைசியாத் தண்ணி. நீங்கள் தண்ணியில தொடங்கியிருக்கிறியள்.

கீழ ஊத்திறது உடைவு இல்லை. உங்கட பொத்தான் இருக்கிற வால்வுக்குப் பெயர் ஃப்ரொஸ்ட்கொன்ட்ரோல். கோம்பிக்குள்ள 10 லீற்றர் தண்ணி நிக்கும், அது உறைஞ்சால் பொய்லர் வெடிக்கும். அதுக்காக வால்வு இருக்கிற இடத்தில சூடு 3 பாகை அளவுக்கு இறங்கினால் அது தானாத் திறந்து தண்ணியை வெளியில விடும். இதுக்குக் கரண்ட் தேவையில்லை. திரும்பப் பூட்டிறதுக்கு அந்த இடம் 7 பாகைக்கு மேல வரவேணும். வெளியில 4 பாகை எண்டால் நீங்கள் எவ்வளவு அமத்தினாலும் அது நிக்காது. பம் போட்டபடி இருந்தால் அந்த வழியால தாங்கி முழுக்கக் காலியாகும், பற்றரியும் அதோட போகும். ஆகவே பம்மை உடன நிப்பாட்டுங்கோ.

உடுப்புக் கிளிப் போட்டுப் பொத்தானை அமத்தி வைக்கச் சொல்லி ஆக்கள் வருவினம். செய்யாதேங்கோ. ஒரு இரவு மறந்தால் பொய்லர் போச்சு, அதின்ர விலை கிளிப்பின்ர விலை இல்லை.

இப்ப பற்றரி. எல்லாத்தையும் நிப்பாட்டி, சார்ஜும் இல்லாமல் நாலைஞ்சு மணித்தியாலம் விட்டுட்டு மல்ட்டிமீற்றரால பற்றரியின்ர முனையிலயே அளவுங்கோ. வாகனத்தின்ர கட்டுப்பாட்டுப் பலகையில காட்டுறதை நம்பாதேங்கோ. 12.7 எண்டால் நிறைவு, 12.2 எண்டால் பாதி, 12.0 எண்டால் கால்வாசிதான் மிச்சம். ஈய பற்றரியைப் பாதிக்குக் கீழ அடிக்கடி இறக்கினால் ஆயுள் கெதியாக் குறையும்.

விடிய எல்லாம் செத்துக் கிடந்ததுக்கும் இதுதான் காரணமா இருக்கும். ஈபிஎல் 99 பற்றரி 10.5 வோல்ட்டுக்கு இறங்கினால் உள்பாவனையை வெட்டிவிடும். சார்ஜ் ஏத்தின பிறகு பலகையில இருக்கிற 12 வோல்ட் பிரதான சுவிட்சைத் திரும்ப அமத்தினால்தான் உயிர் வரும். மின்பெட்டியிலயே பற்றரியைத் துண்டிக்கிற சுவிட்ச் ஒண்டு இருக்கு. வாகனத்தைக் கனநாள் நிப்பாட்டி வைச்சவை அதை வெட்டி விட்டிருக்கலாம், அதையும் பாருங்கோ.

மியூனிக் சரவணன்

அண்ணா சொன்ன வரிசைதான் சரி. நான் காஸ் பக்கம் சொல்றேன்.

காத்தாடி சுத்தி, பிறகு சிவப்பு விளக்குன்னா பெரும்பாலும் பர்னருக்கு காஸ் வரலை. சிலிண்டர் பெட்டியைத் திறந்து பாருங்க. சாம்பல் நிற 11 கிலோ சிலிண்டர்ல பொதுவா ப்ரோப்பேன்தான் இருக்கும். பழைய ஓனர் நீல நிற சின்ன பியூட்டேன் சிலிண்டர் வச்சிருந்தா குளிர்ல அது ஆவியாகாது. பூஜ்யம் டிகிரிகிட்ட போனாலே அழுத்தம் கிடையாது. ப்ரோப்பேன் மைனஸ் 42 டிகிரி வரைக்கும் ஆவியாகும். குளிர்காலத்துக்கு ப்ரோப்பேன் மட்டும்தான்.

சிலிண்டர்ல காஸ் இருக்கான்னு ஆட்டிப் பார்க்காதீங்க, எடை போடுங்க. காலி எடை சிலிண்டர்லயே பொறிச்சிருக்கும்.

ஹோஸ் இணைப்பு இடது மரை, இறுக்க இடப்பக்கமாச் சுத்தணும். கையால இறுக்குற நட்டா இருந்தா கையால மட்டும் இறுக்குங்க, ஸ்பேனர் போட்டா வாஷர் நசுங்கி அதுக்கப்புறம்தான் கசிவு வரும். இறுக்கினதும் கசிவு ஸ்ப்ரே அடிச்சுக் குமிழி வருதான்னு பாருங்க. அடுத்து, ஹோஸோட சிலிண்டர் முனையில ஒரு பச்சைப் பொத்தான் இருக்கா? அது ஹோஸ் அறுந்தா காஸை நிறுத்துற பாதுகாப்பு. சிலிண்டரை மாத்தின ஒவ்வொரு தடவையும் வால்வை மெதுவாத் திறந்துட்டு அந்தப் பச்சைப் பொத்தானை அழுத்தணும். அழுத்தலைன்னா சிலிண்டர் நிறைய இருந்தாலும் ஒரு துளி காஸ் உள்ளே போகாது. ரெகுலேட்டர்ல (காஸ் அழுத்தத்தைக் குறைச்சுச் சீராக்குறது) மோதல் உணரி (வண்டி மோதினா காஸை நிறுத்துறது) இருந்தா மஞ்சள் பொத்தான் ஒண்ணு இருக்கும், அதையும் அஞ்சு வினாடி அழுத்திப் பிடிங்க.

வண்டிக்குள்ளே அடுப்படிகிட்ட வரிசையா காஸைத் திறந்து மூடுற சின்ன வால்வுகள் இருக்கும்: அடுப்பு, பிரிட்ஜ், ஹீட்டர்னு படம் போட்டிருக்கும். பிடி குழாய் போற திசையிலேயே இருந்தா திறந்திருக்கு, குறுக்கா இருந்தா மூடியிருக்கு.

இப்போ ஹீட்டரைத் தொடாதீங்க. மேல்ஜன்னலைத் திறந்து வச்சு, முதல்ல அடுப்பைப் பத்த வைங்க. ரொம்ப நாள் நின்ன வண்டியில பைப்புக்குள்ளே காத்துதான் இருக்கும், அது அடுப்பு வழியாச் சீக்கிரம் வெளியேறிடும். சுடர் நீலமா, சீரா அஞ்சு நிமிஷம் எரிஞ்சா சிலிண்டர், ரெகுலேட்டர், ஹோஸ் எல்லாம் சரி. சுடர் சின்னதாகிட்டே போனா ரெகுலேட்டர் சந்தேகம். அடுப்பை அணைச்சுட்டு ஹீட்டருக்குப் போங்க. சிவப்பு விளக்கு வந்தா ஆஃப் பண்ணி, அஞ்சு நிமிஷம் விட்டு மறுபடி போடுங்க. ரெண்டு மூணு தடவை ஆகலாம்.

இன்னொண்ணு: வெளிச் சுவர்ல இருக்கிற புகைபோக்கி மூடியைக் கழட்டினீங்களா? அதுக்கு நேர் மேலே ஜன்னல் இருந்தா அதுல சுவிட்ச் வச்சிருப்பாங்க. ஜன்னல் திறந்திருந்தா ஹீட்டர் வேணும்னே எரியாது, புகை உள்ளே வரக்கூடாதுன்னு.

டோர்ட்முண்ட்வாசி

நன்றி அண்ணா, நன்றி சரவணன். பச்சைப் பொத்தான் இருந்தது, அமத்தினவுடன அடுப்புப் பத்தீட்டுது, நீலச் சுடர். சிலிண்டர் சாம்பல் நிறம்தான். பற்றரி காலமை 12.05. திகதி 2017 எண்டு குத்தியிருக்கு, ஏஜிஎம் (ஈய பற்றரியில ஒரு வகை) 95 ஆம்பியர்மணி. இனி ஹீற்றரைப் போடலாமோ? பொய்லருக்குள்ள தண்ணி இல்லையே, எரிஞ்சுபோகாதோ?

மின்வேலை

எரிஞ்சுபோகாது. கோம்பியைத் தண்ணி இல்லாமல் அறைச்சூட்டுக்கு மட்டும் ஓட்டலாம், அதுக்கெண்டே தனி நிலை இருக்கு. உங்கட வால்வுப் பிரச்சினைக்கு மருந்தும் அதுதான். ஆனால் முதல் கரண்ட் வயரைக் கொழுவுங்கோ, 12.05 இல காத்தாடி கனநேரம் ஓடாது.

வயர் 3 x 2.5 சதுர மில்லிமீற்றர், 25 மீற்றருக்கு மேல வேண்டாம். முதல் வாகனத்தில செருகி, பிறகு கரண்ட் எடுக்கிற தூணிலயோ வீட்டுப் பிளக்கிலயோ செருகுங்கோ, கழட்டேக்க மாறி. சுருளில சுத்தினபடி பாவிக்கக் கூடாது. முழுக்க விரிச்சு விடுங்கோ, இல்லாட்டில் நடுவில சூடேறி உருகும். வாகனத்துக்குள்ள இருக்கிற ஆர்சிடியின்ர (கரண்ட் கசிஞ்சால் வெட்டிற சுவிட்ச்) சோதனைப் பொத்தானை அமத்தி அது விழுதோ எண்டு பாருங்கோ. பயணத்தில சில இடங்களில 6 ஆம்பியர்தான் தருவினம். அது 1380 வாட். 2000 வாட் கேத்தில் போட்டால் விழும்.

பிறகு ஹீற்றரை அறைச்சூட்டு நிலையில, வெப்பக் குமிழை 5 இல விடுங்கோ. கட்டிலுக்குக் கீழ இருக்கிற பெட்டிக் கதவைத் திறந்து வையுங்கோ, வால்வுக்குச் சூடு போகட்டும். சின்ன வெப்பமானி ஒண்டை வால்வுக்குப் பக்கத்தில வைச்சால் ஊகம் தேவையில்லை. 7 ஐத் தாண்டினதும் வால்வில இருக்கிற குமிழைத் தண்ணிக் குழாய்க்கு இணையாத் திருப்பி, பொத்தானை உள்ளுக்கு அமத்துங்கோ. பொறியில விழுந்து நிக்கும். அதுக்குப் பிறகுதான் பம்.

பொய்லரை நிரப்பேக்க சுடுதண்ணிப் பைப் எல்லாத்தையும் திறந்து விடுங்கோ, காத்து வெளியேறி, தண்ணி வெட்டாமல் வரும் வரைக்கும். பிறகு ஒவ்வொண்டாப் பூட்டுங்கோ. எல்லாம் பூட்டினதும் பம் சில வினாடியில நிக்க வேணும். தண்ணி வராமல் ஓடினபடி இருந்தால் தாங்கிக்கும் பம்முக்கும் இடையில காத்து உறிஞ்சுது. பம்முக்கு முன்னால இருக்கிற கண்ணாடி வடிகட்டியின்ர மூடியும் ஓ-வளையமும்தான் வழமையான இடம். தண்ணி நல்லா வந்து, ஆனால் பைப் பூட்டியிருக்க ஒவ்வொரு நிமிசமும் பம் ஒருக்காத் தட்டினால் எங்கயோ கசியுது. காய்ஞ்ச ரிஷூத் தாளை ஒவ்வொரு இணைப்பிலயும் சுத்திப் பாருங்கோ, கண்ணுக்குத் தெரியாத கசிவும் அதில தெரியும்.

பயணி அக்கா

தம்பி, பிரிட்ஜைப் பற்றி ஒருத்தரும் சொல்லேல்லை. 12 வோல்ட் நிலை எஞ்சின் ஓடேக்க மட்டும்தான். எஞ்சின் நிண்டால் ரிலே (தானா வெட்டிற சுவிட்ச்) வெட்டிவிடும், இல்லாட்டில் பிரிட்ஜ் 14 ஆம்பியர் அளவில இழுத்துப் பற்றரியை ஒரு பின்னேரத்தில முடிச்சுவிடும். எஞ்சின் ஓடினாலும் 12 வோல்ட் ஏற்கனவே குளிர்ந்ததைக் காப்பாத்தும், புதுசாக் குளிர வைக்கிறதில அது பலவீனம்.

இது வீட்டுப் பிரிட்ஜ் மாதிரிக் கொம்ப்ரஸர் இல்லை. அமோனியாக் கரைசலைச் சூடாக்கித்தான் குளிர் எடுக்குது, அதால வாகனம் மட்டமா நிக்க வேணும். சரிவில நிண்டால் திரவம் திரும்பி ஓடாது. பிரிட்ஜுக்குள்ள மட்டப்பலகையை வைச்சுப் பாத்து, ரயருக்குக் கீழ ஆப்பு வையுங்கோ.

சோதிக்கிற முறை: 230 வோல்ட்டில போட்டு, உள்ளுக்கு வெப்பமானி வைச்சு, 12 மணித்தியாலம் திறக்காமல் விடுங்கோ. குளிர்ந்தால் குளிர்த்தொகுதி நல்லம். அடுத்த நாள் காஸில அதே சோதனை. 230 இல குளிர்ந்து காஸில குளிராட்டில் பர்னரில கறள் தூள் விழுந்து கிடக்கு. அதைக் காஸ் தெரிஞ்சவர் கழட்டித் துப்புரவாக்க வேணும், ஊசியால ஜெட்டைக் குத்தினால் துளை பெருத்துவிடும். இரண்டிலயும் பின்பக்கம் சூடாகி, உள்ளுக்குக் குளிராட்டில், பின் சல்லடையைக் கழட்டி மணந்து பாருங்கோ. அமோனியா மணமோ, குழாயில மஞ்சள் படிவோ இருந்தால் தொகுதி முடிஞ்சுது, அதுக்கு மேல காசு போடாதேங்கோ.

வெளியில 8 பாகைக்குக் கீழ போனால் அந்தச் சல்லடைகளுக்குக் குளிர்கால மூடி போட வேணும்.

ரொய்லெட்: கசெட்டை இழுக்க முதல் ரொய்லெட் கிண்ணத்துக்குக் கீழ இருக்கிற தட்டு பூட்டியிருக்க வேணும். ஊத்தேக்க காத்துப் பொத்தானை அமத்திப் பிடியுங்கோ, இல்லாட்டில் தெறிக்கும். ரப்பர் வளையத்துக்கு வாஸ்லினோ சமையல் எண்ணெயோ பூசாதேங்கோ, ஊதிப் பெருத்துக் கசியும். சிலிக்கோன் ஸ்ப்ரே போதும்.

டோர்ட்முண்ட்வாசி

வால்வு பூட்டீட்டுது! வெப்பமானி 9 காட்டினது, ஒரே அமத்தில நிண்டுது. பம்மும் நிக்குது. பிரிட்ஜ் 230 இல இப்ப 5 பாகை. பற்றரி ஒரு நாள் முழுக்கச் சார்ஜ் ஏத்தி, கழட்டி விட்டு விடியப் பாத்தால் 12.5. மாத்த வேணுமோ? காஸைத் திறந்தபடி ஓடலாமோ?

மின்வேலை

12.5 ஐ மட்டும் வைச்சு முடிவெடுக்காதேங்கோ. 60 வாட் பல்ப் ஒண்டைக் கொழுவுங்கோ, அது 5 ஆம்பியர். 8 மணித்தியாலத்தில 40 ஆம்பியர்மணி எடுக்கும். கழட்டி, ஆற விட்டு அளந்தால் 95 ஆம்பியர்மணிப் பற்றரி 12.2 க்கு மேல நிக்க வேணும். இடையிலயே 11.5 க்கு இறங்கினால் மாத்துங்கோ.

மாத்தேக்க கவனம். ஈபிஎல் 99 இன் சார்ஜர் 14.3 வோல்ட் அளவோட நிக்கும். சில ஏஜிஎம் 14.7 கேக்கும், அது இந்தப் பெட்டியில ஒருநாளும் நிறையாது. இருக்கிற பற்றரி 12.5 இல நிக்கிறதுக்கும் அது காரணமா இருக்கலாம். தரவுத்தாளில 14.4 க்குள்ள எழுதியிருக்கிறதை வாங்குங்கோ, அல்லது ஜெல். பெட்டியில இருக்கிற பற்றரி வகைச் சுவிட்சை அதுக்கேத்த மாதிரி வையுங்கோ, கரண்ட் வயரைக் கழட்டிப்போட்டு. லித்தியம் போடுறதெண்டால் சார்ஜரும் சேத்து மாத்த வேணும்.

மியூனிக் சரவணன்

மோதல் உணரி உள்ள ரெகுலேட்டர் இருந்தா, அதாவது அந்த மஞ்சள் பொத்தான் இருந்தா, ஓடும்போது காஸ் ஹீட்டர் போடலாம். இல்லைன்னா சிலிண்டரை மூடிட்டுத்தான் கிளம்பணும். பெட்ரோல் பங்க் போறதுக்கு முன்னாடி பிரிட்ஜ் காஸ்ல எரியலைன்னு உறுதி பண்ணிக்கோங்க.

கோம்பி 4 முழு வேகத்துல மணிக்கு 320 கிராம் காஸ் எடுக்கும். 11 கிலோ சிலிண்டர் இடைவிடாம எரிஞ்சா 34 மணி நேரம். பனிக்காலத்துல ரெண்டாவது சிலிண்டர் இல்லாமப் போகாதீங்க.

வண்டியோட மஞ்சள் காஸ் சோதனைப் புத்தகம் வந்துச்சா? ஜெர்மனியில 2025 ஜூன் 19 முதல் இந்தச் சோதனை கட்டாயம், ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை. புத்தகம் இல்லைன்னா சோதனைக்குப் போனா புதுசாப் போட்டுத் தருவாங்க. போறதுக்கு முன்னாடி ஹோஸ்லயும் ரெகுலேட்டர்லயும் அச்சடிச்ச வருஷத்தைப் பாருங்க. பத்து வருஷம்தான் கணக்கு. 2011-லேயே போட்டது அப்படியே இருந்தா ரெண்டையும் மாத்திட்டுத்தான் அடுத்த தடவை சிலிண்டரைத் திறக்கணும்.