அங்கக வேளாண் நிலப்பரப்பு: ஒரே ஆண்டுக்கு இரண்டு எண்கள் வந்தால் எதைக் கொள்வது?

நிலக்கணக்கு (கேள்வி)

உலகின் அங்கக வேளாண் (ஆர்கானிக்) நிலப்பரப்பை ஆண்டுவாரியாகத் தமிழில் அட்டவணைப்படுத்தி வருகிறேன். சுவிட்சர்லாந்தின் ஃபிபிஎல் ஆய்வு நிறுவனமும் ஐஃபோம் என்னும் பன்னாட்டு அங்கக வேளாண் கூட்டமைப்பும் சேர்ந்து ஆண்டுதோறும் வெளியிடும் அறிக்கைகளே என் முதன்மை ஆதாரம். நாடுகளிடமிருந்து தரவுகள் வந்துசேரக் காலம் பிடிப்பதால், ஒவ்வோர் அறிக்கையும் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய நிலவரத்தையே தருகிறது.

2019ஆம் ஆண்டின் முடிவில் 7.23 கோடி ஹெக்டேர் இருந்ததாக ஓர் அறிக்கை கூறுகிறது. அதற்கு அடுத்த அறிக்கை, 2020இல் 7.49 கோடி என்கிறது. கழித்துப் பார்த்தால் வளர்ச்சி 26 லட்சம் ஹெக்டேர்தான். ஆனால் அந்த அறிக்கையே 30 லட்சம் கூடியதாக எழுதியிருக்கிறது. அதற்கும் அடுத்ததில் 2021க்கான எண் 7.64 கோடி. அங்கே கழித்தால் 15 லட்சம் வருகிறது, அறிக்கையோ 13 லட்சம் என்கிறது. ஓரிடத்தில் கூடுதலாகவும் மற்றோரிடத்தில் குறைவாகவும் இருப்பதால், தசமத்தைச் சுருக்கியதால் வந்த வேறுபாடு என்று இதை ஒதுக்கிவிட முடியவில்லை. அச்சான எண்ணை அப்படியே கொள்வதா, வளர்ச்சியிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுவதா?

வரப்பு (பதில்)

இரண்டு எண்களும் அந்தந்த நேரத்தில் கையிலிருந்த தரவின்படி சரியானவையே. ஓர் ஆண்டின் தொகை வெளியான பிறகும், தாமதமாகத் தரவு அனுப்பும் நாடுகள் உண்டு. முன்பு அனுப்பியது தவறு என்று திருத்தி அனுப்பும் நாடுகளும் உண்டு. புதிய தரவு தராத நாட்டுக்கு முந்தைய ஆண்டின் எண்ணையே தற்காலிகமாக நிரப்பி வைப்பதும் வழக்கம். இவை வந்துசேரும்போது, தொகுப்பாளர்கள் பழைய ஆண்டின் எண்ணையும் தரவுத்தளத்தில் மாற்றிவிடுகிறார்கள். நீங்கள் காட்டிய கணக்கின்படி 2019இன் எண் 7.23 கோடியிலிருந்து சுமார் 7.19 கோடியாகக் குறைந்திருக்கிறது. 2020இன் எண் 7.49 கோடியிலிருந்து சுமார் 7.51 கோடியாக உயர்ந்திருக்கிறது. அறிக்கைகளில் உள்ள வளர்ச்சி இந்தத் திருத்திய எண்களிலிருந்து கணக்கிடப்பட்டது.

ஆகவே, ஒவ்வோர் ஆண்டுக்கும் அவ்வாண்டின் அறிக்கையிலிருந்து ஓர் எண்ணை எடுத்து ஒட்டுப்போட்டுத் தொடர் உருவாக்காதீர்கள். அண்மைத் தரவுத்தளத்திலிருந்து எல்லா ஆண்டுகளையும் ஒரே நாளில் எடுத்து, எடுத்த நாளை அட்டவணையின் தலைப்பிலேயே குறியுங்கள். முதலில் அச்சான எண்ணும் வேண்டுமென்றால் அதற்குத் தனி நெடுவரிசை ஒதுக்குங்கள், அழித்துவிட வேண்டாம். திருத்தம் எந்தத் திசையில், எவ்வளவு நடந்தது என்பதை அந்த நெடுவரிசை ஒன்றுதான் பின்னால் வருபவருக்குக் காட்டும்.

சான்றுத்தாள் (பதில்)

அங்ககப் பண்ணைகளுக்குச் சான்றிதழ் வழங்கும் நிறுவனம் ஒன்றில் சில ஆண்டுகள் நிலப்பரப்புத் தொகுக்கும் பணியில் இருந்தவன் என்பதால், தவறுகள் எங்கே பிறக்கின்றன என்று சொல்ல விரும்புகிறேன்.

முதலாவது இரட்டை எண்ணிக்கை. ஒரே பண்ணை, ஐரோப்பிய ஒன்றியத்துக்கு ஏற்றுமதி செய்ய ஒரு சான்றிதழும் அமெரிக்காவுக்கு அனுப்ப இன்னொன்றும் வைத்திருக்கும். இரண்டையும் வெவ்வேறு நிறுவனங்கள் வழங்கியிருந்தால், இரு பட்டியல்களிலும் அதே நிலம் இடம்பெறும்; கூட்டுபவருக்கு அது இரண்டு நிலங்களாகத் தெரியும். இதைக் கண்டுபிடிக்கப் பண்ணைவாரியான பட்டியல் வேண்டும். நாட்டு அளவில் கூட்டி அனுப்பிய ஒற்றை எண்ணில் இதை யாராலும் காண முடியாது. ஒரே வயலில் ஆண்டுக்கு இரண்டு பயிர் எடுத்தால், பயிர்வாரிப் பரப்புகளின் கூட்டுத்தொகை நிலத்தின் பரப்பைத் தாண்டிவிடுவதும் இதைப் போன்றதே.

அடுத்தது அலகு. ஏக்கரில் வந்ததை ஹெக்டேர் என்று பதிந்தால் பரப்பு ஏறத்தாழ இரண்டரை மடங்காகும். சீனாவின் மூ என்ற அலகில் 15 சேர்ந்தால்தான் ஒரு ஹெக்டேர். தாய்லாந்தின் ராய் அலகில் 6.25. என் கைவழியே ஒருமுறை ஏக்கர் எண்கள் ஹெக்டேர் நெடுவரிசையில் போய்விட்டன. விளைச்சலைப் பரப்பால் வகுத்தபோது நம்பமுடியாத அளவுக்குக் குறைவாக வந்ததால்தான் அது அகப்பட்டது. அன்றிலிருந்து அந்த வகுத்தலைச் செய்யாமல் நான் எந்தப் படிவத்தையும் கையிலிருந்து விட்டதில்லை. தமிழில் தொகுப்பவர் மில்லியனைக் கோடியாக்கும் இடத்தையும் இருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

பிழையைக் கண்டால் உங்கள் அட்டவணையில் மட்டும் திருத்திவிட்டுச் செல்லாமல், தொகுப்பாளருக்கு எழுதுங்கள். நாடு, ஆண்டு, நிலவகை, பதிவாகியுள்ள எண், நீங்கள் சரியென்று கருதும் எண், அதற்கான ஆதாரம் ஆகிய ஆறும் இருந்தால் அந்தக் கடிதம் பயன்படும். எண் அதிகமாகத் தெரிகிறது என்று மட்டும் எழுதினால் யாராலும் எதையும் செய்ய இயலாது.

மேய்ச்சல்வெளி (பதில்)

பெரிய எண் எல்லாம் பிழையான எண் அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2022இன் உலகத் தொகை 9.64 கோடி ஹெக்டேர்; ஓராண்டில் 2 கோடிக்கும் மேல் உயர்வு. அதில் 1.73 கோடி ஆஸ்திரேலியாவில் மட்டும் கூடியது. அந்நாட்டின் பரப்பு சுமார் 3.57 கோடியிலிருந்து 5.30 கோடியானது. இது தட்டச்சுப் பிழையன்று. அங்குள்ள அங்கக நிலத்தில் மிகப் பெரும்பகுதி கால்நடைகள் மேயும் பரந்த வறண்ட வெளிகள். அத்தகைய பெரும் பண்ணைகள் சில சான்றிதழ் பெற்றாலே உலகத் தொகை அசைந்துவிடும். அதை நீக்குவது திருத்தமாகாது. விளைநிலம், நிரந்தரப் பயிர், மேய்ச்சல் நிலம் என்று தனித்தனியே காட்டுங்கள். காட்டில் தேனும் பழமும் சேகரிக்கும் பரப்பை வேளாண் நிலத்தோடு கூட்டவே கூடாது. ஃபின்லாந்து போன்ற நாடுகளில் அது மிகப் பெரியது.

நிலக்கணக்கு

மூவருக்கும் நன்றி. ஒட்டுப்போட்ட தொடரைக் கைவிட்டு, ஒரே தரவுத்தளத்திலிருந்து மீண்டும் தொடங்குகிறேன். முதல் அச்சு எண்ணுக்கும் நிலவகைகளுக்கும் தனி நெடுவரிசைகள் வைக்கிறேன். ஓர் ஐயம் மட்டும் எஞ்சியிருக்கிறது: மாற்றக் காலத்தில் உள்ள நிலத்தை, அதாவது அங்கக முறைக்கு மாறத் தொடங்கி இன்னும் முழுமையாக மாறாத நிலத்தை, சேர்ப்பதா?

வரப்பு

சேருங்கள், ஆனால் பிரித்துக் காட்டுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் ஓராண்டுப் பயிர்களுக்கு 2 ஆண்டுகள், பல்லாண்டுப் பயிர்களுக்கு 3 ஆண்டுகள் மாற்றக் காலம். அந்த நிலமும் அங்குள்ள மொத்தத்தில் அடங்கும். முழுமையாக மாறிய நிலத்தை மட்டும் அனுப்பும் நாட்டை அதனோடு ஒப்பிட்டால், இல்லாத இடைவெளி ஒன்று இருப்பதுபோல் தோன்றும். அத்தகைய நாட்டின் பெயருக்கருகில் ஒரு குறியிட்டு, அக்குறியின் பொருளை அட்டவணைக்குக் கீழே எழுதிவிடுங்கள்.