பப்மெட் முடிவுகளை எக்செல் தாளுக்கு எடுப்பது எப்படி? 10 வரிதான் வருகிறது

கேள்வி:
டெங்கு தடுப்பூசி பற்றிய முறைசார் மீளாய்வுக்கு (ஒரு கேள்வி பற்றிய ஆய்வுகளையெல்லாம் வரையறுத்த முறையில் திரட்டி ஆராய்வது) பப்மெட் என்ற மருத்துவ ஆய்வுக் கட்டுரைத் தேடுதளத்தில் தேடியதில் சுமார் 1,800 கட்டுரைகள் கிடைத்துள்ளன. இருவர் தனித்தனியே படித்துச் சலிக்க வேண்டும். தலைப்பு, ஆய்வுச் சுருக்கம், ஆண்டு, டிஓஐ (கட்டுரையின் நிரந்தர அடையாள எண்) எல்லாம் ஒரே தாளில் வேண்டும். சேவ் கொடுத்து சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த அட்டவணைக் கோப்பு) எடுத்தால் 10 வரிதான் இருக்கிறது, சுருக்கமும் இல்லை. ஆசிரியர் பெயர்களில் சில எழுத்துகள் சிதைந்து தெரிகின்றன. கூகுள் ஸ்காலர் முடிவுகளையும் சேர்க்க முடியுமா?

பதில் 1:
சேவ் பெட்டியில் 'செலக்‌ஷன்' என்ற இடத்தில் அந்தப் பக்கத்து முடிவுகள் மட்டும்தான் முன்கூட்டியே தேர்வாகியிருக்கும். அதை 'ஆல் ரிசல்ட்ஸ்' என்று மாற்றுங்கள். ஒரு தடவைக்கு 10,000 வரை எடுக்கலாம். அதற்கு மேல் போனால் ஆண்டுவாரியாகப் பிரிக்க வேண்டும்.

சுருக்கம் பப்மெட்டின் சிஎஸ்வியில் வரவே வராது. 'செண்ட் டு' போய் 'சைட்டேஷன் மேனேஜர்' வழியாகக் கோப்பை இறக்கி, ஜோட்டெரோ என்ற மேற்கோள் மேலாண்மை மென்பொருளில் இம்போர்ட் செய்யுங்கள். பிறகு அந்தத் தொகுப்பின் மேல் வலது கிளிக் செய்து எக்ஸ்போர்ட்டில் சிஎஸ்வி. சுருக்கத்துக்குத் தனி நெடுவரிசை இருக்கும். பப்மெட் எண் மட்டும் 'எக்ஸ்ட்ரா' நெடுவரிசையில் கிடக்கும், தனி நெடுவரிசையைத் தேடாதீர்கள்.

பதில் 2:
எழுத்து சிதைவதற்குக் காரணம், கோப்பு யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் இருக்க, எக்செல் அதை வேறு குறியாக்கமாக எடுத்துக்கொள்வது. இரட்டைக் கிளிக் செய்து திறக்க வேண்டாம். வெற்றுத் தாளில் 'டேட்டா' தாவலுக்குப் போய் 'ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி' கொடுத்து, குறியாக்கமாக 65001 (யூடிஎஃப்-8) தேர்ந்தெடுங்கள். அங்கேயே பக்க எண் நெடுவரிசையை 'டெக்ஸ்ட்' ஆக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் 3-12 என்பது தேதியாக மாறிவிடும், பிறகு மீட்க முடியாது. முடித்ததும் எக்செலின் சொந்த வடிவமான எக்ஸ்எல்எஸ்எக்ஸ் ஆகச் சேமியுங்கள். சாதாரண சிஎஸ்வியாகச் சேமித்தால் அந்த எழுத்துகள் கேள்விக்குறிகளாகிவிடும்.

பதில் 3:
ஸ்காலரில் தேடல் முடிவுகளை மொத்தமாக இறக்கும் வசதி இல்லை. 'பப்ளிஷ் ஆர் பெரிஷ்' என்ற இலவச மென்பொருளில் தேடி சிஎஸ்வி எடுக்கலாம். எவ்வளவு தேடினாலும் ஸ்காலர் தருவது 1,000 முடிவுகள்தான். அதில் சுருக்கம் என்று வருவதும் தேடல் பக்கத்தில் தெரியும் துண்டு வரிகளே. அதை வைத்துக் கட்டுரையைத் தள்ளுவது தவறு, மூலப் பக்கத்தைத் திறந்து பாருங்கள்.

இரண்டையும் சேர்த்தபின் டிஓஐ நெடுவரிசையை மட்டும் வைத்து 'ரிமூவ் டூப்ளிகேட்ஸ்' கொடுத்துவிடாதீர்கள். ஸ்காலர் வரிகளில் பலவற்றுக்கு டிஓஐ இருக்காது. காலிக் கட்டங்கள் எல்லாம் ஒன்றுக்கொன்று நகல் என்று எடுத்துக்கொண்டு, ஒன்றை விட்டு மற்ற வரிகளை எக்செல் அழித்துவிடும். டிஓஐ உள்ளவற்றைத் தனித் தாளில் பிரித்து, முன்னொட்டாக இருக்கும் இணைய முகவரியை (https://doi.org/) நீக்கிவிட்டு நகல் பாருங்கள். இல்லாதவற்றைத் தலைப்பு, ஆண்டு கொண்டு கண்ணால்தான் ஒப்பிட வேண்டும். தலைப்பின் கடைசியில் ஒரு முற்றுப்புள்ளி கூடுதலாக இருந்தாலே எக்செலுக்கு அது வேறு கட்டுரை.

எத்தனை நகல் நீக்கினீர்கள் என்பதை அப்போதே குறித்துவையுங்கள். முறைசார் மீளாய்வுகளை எழுதுவதற்கான பிரிஸ்மா 2020 வழிகாட்டுதலின் வரைபடத்தில் அந்த எண்ணைக் கேட்பார்கள்.